மோட்டார் சைக்கிள் எஞ்சினும் அமுக்க விகிதமும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க முற்படும் இளைஞர்கள் இன்று நம் நாட்டில் ஊர்தோறும் இருக்கின்றனர். சிலிண்டரைப் போர் செய்து, புதுப் பிஸ்டன் இட்டு, வால்வுகளை அரைத்துப் பொருத்தும் வேளையில் அவர்கள் உள்ளத்தில் ஓர் ஆசை எழுவது இயல்பே. 'எல்லாவற்றையும் பிரித்தாயிற்று, கூடவே கம்ப்ரெஷனையும் சற்று ஏற்றிவிட்டால் வண்டி இன்னும் விசையோடு ஓடுமே' என்று எண்ணுகின்றனர். இந்த ஆசையில் நியாயம் உண்டு, ஆபத்தும் உண்டு. எவ்வளவு ஏற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும், அதை எதனைக் கொண்டு முடிவு செய்வது என்பனவற்றையே நாம் இங்கே ஆராயப் போகிறோம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிஸ்டன் சிலிண்டரின் கீழ்க்கோடியில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள இடம் முழுவதையும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நிரப்புகிறது. பிஸ்டன் மேற்கோடிக்கு ஏறியதும் அக்கலவை ஹெட்டின் குழிவில் உள்ள சிறிய எரியறைக்குள் அமுக்கப்படுகிறது. தொடக்கத்தில் இருந்த கன அளவு இறுதியில் எஞ்சிய கன அளவைப்போல் எத்தனை மடங்கு என்பதே அமுக்க விகிதம். எட்டுப் பங்கு இடத்தில் இருந்த கலவை ஒரு பங்கு இடத்தில் ஒடுங்கினால் விகிதம் 8 ஆகும்.

'வண்டியில் கம்ப்ரெஷன் போய்விட்டது' என்று பட்டறைகளில் சொல்வது இதனின்றும் வேறானது. ரிங்குகள் தேய்ந்தோ, வால்வுகள் சரியாக அமராமலோ கலவை கசிந்து அழுத்தம் குறைவதையே அவ்வாறு கூறுகின்றனர். அங்கே விகிதம் மாறவில்லை, அடைப்புத்தான் தளர்ந்திருக்கிறது. அத்தகைய எஞ்சினின் சோர்வைப் போக்க விகிதத்தை ஏற்றுவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழமாக வெட்டுவதை ஒக்கும். ஆகவே முதலில் கசிவை நீக்க வேண்டும். விகிதத்தைப் பற்றிய சிந்தனை அதன் பின்னரே வரத் தக்கது.

இனி, நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் பழகிய ஓர் எஞ்சினை எடுத்துக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னையில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் 350 புல்லட் அது. அதன் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 90 மில்லிமீட்டர். இவ்விரண்டிலிருந்தும் பிஸ்டன் ஒரு வீச்சில் கடக்கும் கன அளவு 346 சி.சி. என்று கிடைக்கிறது. அந்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் எஞ்சினுக்குப் பல்லாண்டுகள் வழங்கிய விகிதம் 6.5. கடக்கும் கன அளவை, விகிதத்தில் ஒன்று குறைத்த எண்ணால், அதாவது 5.5ஆல் வகுத்தால், எரியறையின் கன அளவு 63 சி.சி. எனப் பெறுகிறோம். விகிதத்தை 7.5 ஆக்க வேண்டுமாயின் எரியறை 53.3 சி.சி. ஆக வேண்டும். 8.5 ஆக்க வேண்டுமாயின் 46.2 சி.சி. போதும். எரியறை சுருங்கச் சுருங்க விகிதம் விரைந்து ஏறுவதைக் கவனிக்க வேண்டும்.

விகிதம் ஏறுவதால் நமக்குக் கிடைப்பது என்ன? கலவை எவ்வளவு இறுக அமுக்கப்படுகிறதோ, எரிந்தபின் அவ்வளவு மடங்கு விரிவதற்கு இடம் பெறுகிறது. விரிவு மிகுந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறுகிறது; குறைந்தால் அது புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகிறது. ஆகையால் விகிதத்தை உயர்த்துவோருக்கு விசையும் கூடும். அதே பெட்ரோலுக்கு மைலேஜும் கூடும். கறவைக்காரர் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு இது சிறிய ஆதாயம் அன்று.

ஆயினும் இந்த ஆதாயம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் தன்மையது. இலட்சிய எஞ்சின் ஒன்றுக்கு வெப்பவியல் தரும் கணக்கின்படி, விகிதம் 6.5இலிருந்து 7.5 ஆகும்போது திறமை ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு உயர்கிறது. 7.5இலிருந்து 8.5 ஆகும்போது 4 பங்கும், 8.5இலிருந்து 9.5 ஆகும்போது 3 பங்கும் உயர்கிறது. 11.5இலிருந்து 12.5க்கு ஏறினால் 2 பங்கே மிஞ்சுகிறது. முதற்படியில் கிடைப்பதே பெரிது. மேலே செல்லச் செல்ல வரவு சுருங்குகிறது, செலவோ பெருகுகிறது.

அந்தச் செலவு யாது? வாயுவை அமுக்கினால் அது சூடேறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் அறிவர். எஞ்சினுள் கலவை அமுக்கப்பட்டுச் சூடேறி நிற்கும் நிலையில் பிளக் பொறி விடுகிறது. தீச்சுடர் பிளக்கிலிருந்து புறப்பட்டுச் சீராகப் பரவிச் செல்ல வேண்டும். ஆனால் சுடர் பரவும்போதே எரிந்த பகுதி விரிந்து, எரியாமல் மூலையில் எஞ்சியுள்ள கலவையை மேலும் நெருக்குகிறது. அங்கே வெப்பம் அளவு மீறினால், சுடர் வந்து சேரும் முன்பே அந்தக் கடைசிப் பகுதி முழுவதும் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக் கொள்கிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் எரியறையின் சுவர்களில் மோதும் ஓசையே, தகரக் குவளையில் கூழாங்கற்களைக் குலுக்கினாற் போல் நம் செவிக்கு எட்டுகிறது. பட்டறைகளில் இதனை 'நாக்கிங்' என்பர். நாம் 'தட்டல்' என்று குறிப்போம்.

தட்டல் வெறும் ஓசை என்று இருந்துவிடலாகாது. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அவ்வாறாயின் அலுமினியப் பிஸ்டன் எப்படிப் பிழைத்திருக்கிறது? அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று தங்கி, வெப்பத்தை ஓரளவு தடுக்கிறது. உட்புகும் வெப்பத்தையும் ரிங்குகளும் சிலிண்டர்ச் சுவரும் வாங்கி வெளியேற்றிக் கொண்டிருக்கின்றன. தட்டலின் அலைகள் அந்தப் படலத்தைக் கலைத்து விடுகின்றன. பிஸ்டனின் தலை அளவு மீறிச் சூடேறுகிறது, விளிம்புகள் அரிக்கப்படுகின்றன, ரிங்குகளுக்கு இடைப்பட்ட வரம்புகள் உடைகின்றன, முற்றினால் பிஸ்டனில் துளையே விழுந்துவிடும். பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரில் இறுகினால், ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரெனச் சுழற்சி நின்றுவிடும். அக்கணமே கிளட்சைப் பிடிக்கத் தவறினால் வண்டி சறுக்கி ஓட்டுபவரையும் வீழ்த்தும். அமுக்க விகிதம் பற்றிய பேச்சு உயிரைப் பற்றிய பேச்சாகவும் ஆவது இதனால்தான்.

எஞ்சினின் விசைக்கு எல்லை வகுப்பது பெரும்பாலும் இந்தத் தட்டலே என்பதையும், அந்த எல்லை எரிபொருளைப் பொறுத்தது என்பதையும் ஆராய்ந்து நிலைநாட்டியவர்களுள் ஆங்கிலப் பொறியியலார் ஹாரி ரிக்கார்டோ முதன்மையானவர். முதல் உலகப் போருக்குப் பின், ஓடிக்கொண்டிருக்கும்போதே விகிதத்தை மாற்றவல்ல ஒரு சோதனை எஞ்சினை அமைத்து, ஒவ்வொரு எரிபொருளும் எந்த விகிதம் வரை தாங்கும் என்று அவர் அளந்தார். 1921இல் வெளிவந்த நான்கு வால்வு டிரையம்ப் மோட்டார் சைக்கிளின் ஹெட்டும் அவருடைய திட்டமே. அதே 1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஒருவகை ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் பெட்ரோலின் தட்டல் அடங்குவதைக் கண்டார். அந்த ஈயம் மக்களின் உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளைத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் நின்றது.

எரிபொருளின் இந்தத் தாங்கும் தன்மையைக் குறிப்பதே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்னும் நீர்மத்துக்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் நீர்மத்துக்கு 0 என்றும் வைத்துக் கொள்கின்றனர். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போன்று அது தட்டலைத் தாங்கும் என்று பொருள். இந்த எண்ணை அளக்கும் எஞ்சினும், ரிக்கார்டோவின் எஞ்சினைப் போலவே, விகிதத்தை விரும்பியவாறு ஏற்றி இறக்கக் கூடியது. ஆக்டேன் மிகுந்த பெட்ரோலில் ஆற்றலும் மிகுதி என்று பலர் நம்புகின்றனர், அது சரியன்று. தட்டாத எஞ்சினில் விலை உயர்ந்த பெட்ரோலை ஊற்றுவதால் விசை கூடிவிடாது. உயர்ந்த விகிதத்தை வகுத்துக் கொண்ட எஞ்சினுக்கே அதனால் பயன்.

இன்று நம் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. 2025இல் இந்தக் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. அத்தகைய பெட்ரோலுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த ஆக்டேன் எண் 95. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைக் காட்டிலும் மிகுந்த வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. விகிதத்தை உயர்த்த விரும்புவோருக்கு இவையெல்லாம் நற்செய்திகளே. ஆனால் எச்சரிக்கைகளும் உள. எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதுமாதலால், கார்புரேட்டரின் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து, எஞ்சின் மிகையாகச் சூடேறக்கூடும். மேலும், மழைக்காலத்தில் வண்டி நெடுநாள் நின்று, டாங்கில் நீர் சேர்ந்துவிட்டால், எத்தனால் அந்நீரோடு கூடிப் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் பெட்ரோல், எழுதப்பட்ட ஆக்டேன் எண்ணைத் தாங்கி நிற்கும் என்று நம்புவதற்கில்லை.

எரிபொருள் ஒரு பக்கம் இருக்க, எஞ்சினின் அமைப்பும் எல்லையை நகர்த்தும். சிலிண்டர் அகன்றிருந்தால் சுடர் கடக்க வேண்டிய தொலைவு மிகும். கடைசிக் கலவை காத்திருக்கும் நேரமும் மிகும். எனவே பெரிய சிலிண்டரைக் காட்டிலும் சிறிய சிலிண்டர் உயர்ந்த விகிதத்தைத் தாங்கும். பிளக் நடுவே இருப்பது நலம். இரண்டு பிளக்குகள் இருந்தால் தொலைவு பாதியாகிறது. அலுமினிய ஹெட் வார்ப்பிரும்பு ஹெட்டைவிட விரைவாக வெப்பத்தை வெளியேற்றும். காற்றால் குளிரும் எஞ்சினைவிட நீரால் குளிரும் எஞ்சின் வெப்பத்தைச் சீராகக் காக்கும். பிஸ்டனின் விளிம்பும் ஹெட்டின் விளிம்பும் மேற்கோடியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்குமாறு அமைத்தால், அங்குள்ள கலவை நடுப்பகுதிக்குப் பீறிட்டுப் பாய்ந்து சுழன்று விரைவாக எரியும்.

வால்வுகள் மூடும் காலத்தையும் மறத்தல் ஆகாது. பிஸ்டன் கீழ்க்கோடியைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்னரும் உள்வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. அது மூடிய பின்னரே உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. பந்தய எஞ்சின்களில் உள்வால்வு மிகத் தாமதமாக மூடும். ஆதலின் அவற்றில் காணும் உயர்ந்த விகிதம் கணக்கில் தோன்றும் அளவுக்குக் கலவையை நெருக்குவதில்லை, அதிலும் குறைந்த வேகத்தில். அந்த விகிதத்தை மட்டும் எடுத்து, சீக்கிரம் மூடும் வால்வுகள் கொண்ட சாலை வண்டிக்கு வைப்பவர், பந்தயக் குதிரையின் தீனியை வண்டி மாட்டுக்கு வைத்தவர் ஆவார்.

இந்த மாறுதல்கள் யாவும் ஒருங்கே நிகழ்ந்தால் விகிதம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அதே மரபில் வந்த எஞ்சின் சான்று. 2020ஆம் ஆண்டில் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட புதிய 350 எஞ்சினில் விகிதம் 9.5. அங்கே எரிபொருள் கணினியின் கட்டுப்பாட்டில் அளந்து தெளிக்கப்படுகிறது. பொறி விழும் காலமும் அவ்வாறே ஆளப்படுகிறது. குளிர்விப்பில் எண்ணெயும் துணை நிற்கிறது. 6.5இலிருந்து 9.5 வரை ஏறியது வெறும் ஹெட்டைக் கடைந்து கிடைத்த ஏற்றம் அன்று.

இனி இடத்தையும் சுமையையும் நோக்குவோம். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் காற்றழுத்தம், கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அங்கே ஒவ்வொரு வீச்சிலும் சிலிண்டருக்குள் வரும் கலவையே குறைவாதலால், சமவெளியில் தட்டும் எஞ்சின் அங்கே அமைதியாக ஓடும். ஆனால் அதே வண்டி கீழே இறங்கி, மே மாதத்து நாகபுரி வெயிலில் ஓட வேண்டியிருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கோ, சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங்குக்கோ ஏறும்போது, திராட்டில் முழுவதும் திறந்திருக்கும், வேகமோ குறைவு, குளிர்விக்கும் காற்றும் குறைவு. கடைசிக் கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ளப் போதிய அவகாசமும் கிடைக்கிறது. தட்டல் தலைகாட்டும் நேரம் அதுவே. ஆகவே விகிதத்தைத் தேர்வோர் குளிர்ந்த காலைப்பொழுதில் தனியே ஓட்டும் வண்டியை மனத்தில் வைக்கலாகாது. மிகக் கடினமான நாளில், மிகுந்த சுமையோடு, வழியில் கிடைத்த பெட்ரோலை ஊற்றி, மலையேறும் வண்டியையே மனத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் சீர்தூக்கி, நாம் எடுத்துக்கொண்ட பழைய 350 எஞ்சினுக்கு வருவோம். காற்றால் குளிரும் வார்ப்பிரும்புச் சிலிண்டர், கார்புரேட்டர், பிளாட்டின முனைகளால் விழும் பொறி ஆகியவற்றைக் கொண்ட இந்த எஞ்சினைச் சாலைப் பயன்பாட்டுக்காகக் கட்டுவோர் 7.5ஐ ஒட்டி நின்றுகொள்வது அறிவுடைமை என்பது நம் கருத்து. வரவில் பெரியதான முதற்படி இதனால் கைக்கு வந்துவிடுகிறது. 8ஐத் தாண்ட விரும்புவோர் விகிதத்தை மட்டும் ஏற்றி அமையாமல் ஹெட், பொறி, கலவை ஆகிய மூன்றையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். விகிதம் ஏறும்போது உச்ச அழுத்தமும் ஏறுவதால், கனெக்டிங் ராடின் பேரிங்கும் கிராங்க் பின்னும் புதியனவாக இருத்தல் வேண்டும். கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும் வலுவும் கூடும்.

எண்ணைத் தேர்ந்தபின் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. நூலில் உள்ள எண்ணோ, பிஸ்டன் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணோ நம் எஞ்சினின் எண் ஆகிவிடாது. எஞ்சினைத் தற்காலிகமாகப் பூட்டி, பிஸ்டனை மேற்கோடியில் நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்க, பிளக் துளை மேல்நோக்கி நிற்குமாறு சாய்த்துக் கொள்ள வேண்டும். அளவுக்கோடிட்ட பியூரெட்டிலிருந்து மெல்லிய எண்ணெயைத் துளையில் மரை தொடங்கும் இடம் வரை நிரப்பினால், எவ்வளவு சென்றதோ அதுவே எரியறையின் கன அளவு. 53 சி.சி.யை ஒட்டி வந்தால் நம் கணக்கு சரி. இந்தச் சிலிண்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் 3.85 சி.சி.க்குச் சமம். விகிதம் 7.5இல் இருக்கையில் காஸ்கெட் ஒரு மில்லிமீட்டர் மெலிந்தால் அது 8 ஆகிவிடும். 10இல் இருக்கும் எஞ்சினிலோ அதே பிழை 11க்குக் கொண்டு போய்விடும். உயரத்தில் நடப்பவனுக்குச் சிறிய இடறலும் பெரிது.

மற்றொரு சோதனையும் உண்டு. பிஸ்டனின் தலையில் சிறுவர் விளையாடும் மெழுகுக் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் இருமுறை மெல்லச் சுழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும். வால்வுகள் பதிந்த இடத்தில் களிமண்ணின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நலம். சிலிண்டரின் உயரத்தைக் கடைந்து குறைத்தவர்கள் புஷ் ராடுகளையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சின் பழகிய பின், ஏற்றமான சாலையில் செவி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டல் கேட்டால் உடனே திராட்டிலைக் குறைத்து, கியரை இறக்கிக் கொள்க. பொறியின் காலத்தைச் சற்றுப் பின்தள்ளுவதும், ஜெட்டைச் சோதிப்பதும் அடுத்த மருந்துகள். அவற்றாலும் அடங்கவில்லையெனில் கனத்த காஸ்கெட் இட்டு விகிதத்தைக் குறைப்பதே முறை. நெடுநாள் ஓடிய எஞ்சினில் கரி படிந்து எரியறை சுருங்குவதும், ரிங்குகள் வழியே ஏறும் எண்ணெய் கலவையைக் கெடுப்பதும் உண்டு. கட்டிய நாளில் தட்டாத எஞ்சின் ஈராண்டுக்குப் பின் தட்டத் தொடங்கினால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கடைசல் பட்டறையில் ஹெட்டிலிருந்து சீவி எறிந்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது. காஸ்கெட்டை மாற்றிப் பார்ப்பதோ எளிது. ஆதலால் குறைந்த விகிதத்தில் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாக மேலே செல்வதே எஞ்சின் கட்டுவோருக்கு உகந்த வழி. ஒரு குதிரைத்திறன் குறைந்தாலும், மலைப்பாதையின் பாதியில் நின்றுவிடாமல் வீடு கொண்டு சேர்க்கும் எஞ்சினே நல்ல எஞ்சின்.